முதியோர் இல்லத்துக்குக் கல் வைக்க முதல்

கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிஸ், அவுஸ்திரேலியா நாடுகளில் இயங்கும் வன்னிக் கிராமங்களின் ஊர் ஒன்றியங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

ஊரில் தனித்துப்போன வயோதிபர்களுக்கு ஏதாவது செய்ய வேணும் என்று உங்கள் கூட்டங்களில் பேச்சு எடுபட்டால், அது அநேகமாக ஒரு கட்டடத்தில் போய் முடிகிறது. காணி பார்க்கிறார்கள், வரைபடம் கீறுகிறார்கள், கல் வைக்க நாள் குறிக்கிறார்கள். நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கிறவர்கள். அந்தக் காசில் கட்டடம் எழுப்பாமல் ஆட்களைச் சம்பளத்துக்கு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இல்லம் கட்டினால் எங்கள் ஆச்சிமாரும் அப்புமாரும் வரமாட்டார்கள். வீம்பில் சொல்லும் கதை இல்லை இது. பலரிடம் இருப்பது அரச காணிக்கான அனுமதிப் பத்திரம். ஆளில்லாமல் விட்ட வளவில் ஒரு மாரிக்குள் பற்றை ஏறும், எல்லைக் கட்டை இடம் மாறும், பிறகு பிரதேச செயலகத்துக்கு நடந்து மாளாது. இரண்டு ஆடு, நாலு கோழி, வாசலில் படுக்கிற ஒரு நாய். இவற்றை எந்த இல்லமும் சேர்க்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாய் “அவன் வந்தால் இந்தப் படலையைத்தானே தேடி வருவான்” என்பாள். அதற்கு மறுமொழி சொல்ல எவராலும் முடியாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் குந்தியிருந்த தாய் தகப்பன்மாரில் பதில் கிடைக்காமலே கண்மூடியவர்கள் பலர். மிச்சம் இருப்பவர்கள் படலையை விட்டு அசையமாட்டார்கள்.

இல்லமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகி, அயலிலும் ஒருவரும் இல்லாதவருக்கு அது தேவைதான். ஆனால் அதற்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேணும், இரவும் பகலும் ஆள் வேணும், மாதம் தவறாமல் சம்பளம் வேணும். நாடா வெட்டுகிற நாளோடு உங்கள் செலவு முடிந்துவிடாது, அன்றைக்குத்தான் தொடங்கும்.

கணக்கைப் பார்ப்போம். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபாய். வேலை கொடுப்பவர் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். ஆக 34,500. ஒரு பராமரிப்பாளர் நாளுக்கு நாலு வீடு, கிழமைக்கு ஐந்து நாள் என்று போனால் 20 வருகை. ஒரு முதியவரைக் கிழமையில் இரண்டு தரம் பார்த்தால் பத்துப் பேருக்குக் காணும். தலைக்கு மாதம் 3,450 ரூபாய். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் போகவேண்டும், ஆகவே இரண்டு பேருக்குக் குறையாமல் வையுங்கள்: 20 முதியோர், மாதம் 69,000, வருடம் 828,000. சைக்கிள் திருத்தம், பெற்றோல், சாமான் பெட்டி எல்லாம் இதற்கு மேல். இதைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்து “சேவை” என்று பெயர் வைக்காதீர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையோடு பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. முடித்த பிள்ளைகள் இஸ்ரேலில் உள்ள வயோதிபரைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேரையாவது ஊரில் மறிக்க நியாயமான சம்பளத்தைத் தவிர வேறு வழி இல்லை.

நாலு வீட்டுக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் ஒன்றும் நடக்காது. வீட்டுக்கு வீடு மூன்று நாலு கிலோமீற்றர், மாரியில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டிய மண் பாதை. ஆறு வீடு என்று கணக்கு எழுதினால் ஆறு கையொப்பம் கிடைக்கும், அவ்வளவுதான். தொண்டர்களை மட்டும் நம்பினாலும் இதே சங்கடம்: விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் அவர்கள் வரமுடியாது, காலபோகம் முடிந்து வரும்போது ஆச்சி விழுந்து இடுப்பு முறிந்திருப்பார்.

விழுகிற கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வீட்டுத்திட்ட வீடுகளில் கக்கூசு பெரும்பாலும் வீட்டோடு சேராமல் வளவின் பின்பக்கம் தள்ளி நிற்கும். பராமரிப்பாளரின் முதல் வேலை, கட்டிலில் இருந்து அதுவரை முதியவரோடு சேர்ந்து நடந்து பார்ப்பது. பகலில் நடந்து பயனில்லை. பொழுதுபட்ட பிறகு, அவர் போடுகிற அதே செருப்போடு, அவர் பிடிக்கிற அதே ரோர்ச்சோடு நடக்கவேண்டும். எந்த இடத்தில் அவருடைய கை தன்பாட்டில் சுவரைத் தேடுகிறதோ, அந்த இடத்தில் கைபிடி வேண்டும். அதைச் சோக்கட்டியால் குறித்துக்கொண்டு வரலாம். கட்டிலை விட்டு எழும்ப முதல் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் இருக்கப் பழக்கவேண்டும். பிரஷர்க் குளிசை எடுப்பவர் சடாரென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

கைபிடிக்குக் கயிறு கட்டுகிறார்கள். அது வேண்டாம். தொய்ந்த கயிற்றைப் பிடித்து ஊன்றினால் அது பக்கவாட்டில் ஆடி ஆளையே தூக்கி எறியும். ஒன்றேகால் அங்குல ஜீ.ஐ. பைப், நிலத்திலிருந்து 32 தொடக்கம் 34 அங்குல உயரம், ஆறடிக்கு ஒரு கால், கால் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி ஆழத்தில் கொங்கிறீட். வாசற்படி எட்டு ஒன்பது அங்குலம் என்றால் நடுவில் ஒரு அரைப்படி கட்டவேண்டும், முழுப்பாதமும் வைக்கக்கூடிய அகலத்தில். கக்கூசுக் கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் பிணைச்சலைக் கழற்றி வெளியே திறக்கிற மாதிரி மாட்டுங்கள்; உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் தூக்க வந்தவரால் உள்ளே போகவே முடியாது. உள்தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

குந்தியிருக்க முடியாதவருக்குப் பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிக் குழிக்கு மேல் வைக்கும் பழக்கம் இருக்கிறது. வெட்டின கதிரைக்குப் பலம் போய்விடும், ஈரச் சீமெந்தில் கால்கள் விரிந்து ஒருநாள் படுக்கும். இரும்புச் சட்டக் கொமோட் கதிரை, 17 அல்லது 18 அங்குல இருக்கை உயரம், நாலு காலுக்கும் இறப்பர் பூண். அந்தப் பூண் தேயும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கவிழ்த்துப் பாருங்கள். இரவுக்கு மூடியுள்ள வாளி ஒன்று கட்டிலடியில் இருந்தால் இவ்வளவு நடையும் குறையும். “எனக்கென்ன, நான் படுக்கையாளோ?” என்று கோபிப்பார்கள். வாதாடாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பாதை பயம் தண்ணீரிலும் போய் முட்டுகிறது. இரவில் வெளியே போகப் பயந்து பின்னேரம் நாலு மணியோடு தண்ணீரை நிறுத்துகிறார்கள். தண்ணீர் குறைய மலம் இறுகும், சலக்கடுப்பு வரும், கதை தடுமாறும். ஆச்சிக்கு மறதி வருத்தம் தொடங்கிவிட்டது என்று வீட்டார் நினைப்பது சிலவேளை வெறும் தண்ணீர்க் குறைவாக இருக்கும். நாளுக்கு ஆறு தொடக்கம் எட்டுக் கோப்பை, அதில் பெரும்பங்கு மத்தியானத்துக்கு முதல். சிறுநீரக நோயும் இதய நோயும் உள்ளவருக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு வைத்தியர் சொன்ன அளவை, வீட்டில் வைக்கும் வருகைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இனிக் குளிசை. மாதக் கிளினிக்கில் சின்னக் கடதாசி உறைகளில் கொடுக்கிறார்கள். உறையில் ‘பி.டி.’ (நாளுக்கு இரண்டு தரம்), ‘நொக்டே’ (இரவில்) என்று சுருக்கெழுத்து. ஆச்சிக்கு அது கோழி கிளறின மாதிரி. உறையில் சூரியனையும் நிலவையும் கீறிவிட்டால் போதும். அதைவிட மோசமானது நிறம் மாறுவது: போன மாதம் வெள்ளையாக இருந்த அதே மருந்து வேறு கொம்பனியில் இருந்து வந்து இந்த மாதம் ரோஸ் நிறமாக இருக்கும். ஆச்சி இரண்டும் வேறு வேறு என்று நினைத்துப் பழைய மிச்சத்தையும் புதியதையும் சேர்த்து விழுங்குவார். ஆகவே கிளினிக் முடிந்த அன்றே வீட்டிலுள்ள பழைய உறை அத்தனையையும், தலையணைக்குக் கீழே இருப்பது, சீனிப் பேணிக்குள் இருப்பது உட்பட, ஒன்றாகக் கொட்டிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

சீனி வருத்தத்துக்கு கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட், இன்சுலின் பாவிப்பவர் மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் சீனி விழும். தனிய இருப்பவர் சமைக்க மனமில்லாமல் வெறுந்தேத்தண்ணியோடு நாளைக் கழிப்பது சாதாரணம், ஆபத்து அங்கேதான். வேர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத கதை. அயலார் விசர் என்றோ வெறி என்றோ சொல்வார்கள். நினைவு இருந்தால் அரைக் கோப்பைத் தண்ணீரில் மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கவேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்த பிறகு சோறு. விழுங்க முடியாதவர் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அடிக்கவேண்டும். வாய் கோணி, ஒரு கை தூக்க வராமல், சொல் குழறினால் அது பாரிசவாதம். அப்போதும் 1990தான், வாயால் ஒன்றும் கொடுக்காமல். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் உதவும், நேரம் தெரியாவிட்டால் வைத்தியர் போடத் தயங்குவார்.

கிளினிக் நாளில் நீர் இறக்கும் குளிசையை வேண்டுமென்றே விடுகிறார்கள். பஸ்ஸில் சலம் முட்டினால் எங்கே இறங்குவது? அதைக் கண்டு பேசவேண்டாம்; எத்தனை மணிக்குத் தள்ளி எடுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாட்டில் குறைவது புரதம். ஒருக்கால் உலை வைத்து மூன்று நேரம் சாப்பிடுகிறவரின் கோப்பையில் சோறும் சொதியும்தான் இருக்கும். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 50 கிராம் அளவில் புரதம் வேணும். ஒரு முட்டையில் ஆறு. பல் இல்லாதவருக்கு உளுத்தங்களி, பருப்புக் குழைத்த சோறு, இடித்த நெத்தலி. நிவாரணப் பொதி கட்டுகிறவர்கள் பத்துக் கிலோ அரிசியைக் குறைத்துப் பருப்பையும் முட்டைக் காசையும் கூட்டினால் நல்லது. கூட இருந்து ஒரு வாய் சாப்பிட ஆள் இருந்தால் கோப்பை தானாக வெறுமையாகும், அதை எந்தப் பொதியாலும் ஈடுசெய்ய முடியாது.

கதைக்கப் போவதை எல்லாரும் லேசான வேலை என்று நினைக்கிறார்கள். சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட அதுதான் கடினம். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே நேரம். செவ்வாய் பத்து மணி என்றால் செவ்வாய் பத்து மணிதான். ஆச்சி திங்கட்கிழமையே முற்றம் கூட்டி வைத்திருப்பார். படலையில் நின்று கூப்பிடவேண்டும். கேட்கிற காதுப் பக்கம், முகத்தில் வெளிச்சம் விழ, அவர் இருக்கிற உயரத்தில் இருங்கள். காது கேளாதவருக்குக் கத்தினால் சத்தம் கீச்சிடும், சொல் விளங்காது. குரலைத் தாழ்த்தி ஆறுதலாகச் சொல்லுங்கள். முதல் பதினைந்து நிமிடம் பிரஷர் மெசினும் கொப்பியும் பையை விட்டு வெளியே வரக்கூடாது. வந்தால் அந்த வீடும் கிளினிக் ஆகிவிடும், ஆச்சி நோயைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டார். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். மறுப்பது மரியாதை என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள். கொடுக்கிற கை ஒன்று இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று ஆச்சி காட்டும் ஒரே இடம் அதுதான். போகும்போது அவரால் முடிந்த ஏதாவது வேலையைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பச்சிலைப்பள்ளி, பூநகரிப் பக்கம் என்றால் ஓட்டை விழுந்த ஓலைப்பெட்டி ஒன்று, உள்ளே துணுக்காய், ஒட்டுசுட்டான் என்றால் எந்தக் குளம் எந்த வெள்ளத்தில் உடைத்தது என்ற கேள்வி ஒன்று.

இழப்புள்ள வீட்டில் சொல்லக்கூடாத வசனம் இரண்டு உண்டு. “அவன் கட்டாயம் வருவான்.” “இனி வரமாட்டான், மனசைத் தேற்றுங்கோ.” இரண்டையும் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. தாய் மகனைப் பற்றி எந்தக் காலத்தில் கதைக்கிறாவோ அந்தக் காலத்திலேயே நாங்களும் கதைக்கவேண்டும். “அவனுக்குக் குரக்கன் புட்டெண்டா விருப்பம்” என்றால் “அப்படியோ அம்மா, தேங்காய்ப்பூ கூடப் போடவேணுமோ?” என்று கேளுங்கள், “விருப்பமாக இருந்தது” என்று இறந்தகாலத்துக்குத் திருத்தவேண்டாம். போர் முடிந்த மே மாதமும் மாவீரர் நாள் வரும் கார்த்திகையும் அந்தப் பிள்ளையின் பிறந்தநாளும் கொப்பியில் முதலே குறிக்கப்பட்டிருக்கவேண்டும், அந்தக் கிழமைகளில் இரண்டு வருகை மூன்றாகவேண்டும்.

தலை இழுக்காமல் விடுவது, கோழிக்குத் தீன் போட மறப்பது, நல்ல சேலையை அயலவளுக்குத் தூக்கிக் கொடுப்பது. இவை சேர்ந்து வந்தால் சும்மா விடாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்றே வயல் மருந்துப் போத்தல்களை வளவை விட்டு எடுத்து வேறு வீட்டில் பூட்டி, ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு அறிவியுங்கள். தொலைபேசியில் பேச 1926.

படுக்கையில் விழுந்தவரைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டவேண்டும், ஆகவே அயலில் இருவர் பழகாமல் பராமரிப்பாளர் மட்டும் போய்ப் பயனில்லை. இழுக்காமல், விரித்த துணியோடு இருவர் தூக்கிப் புரட்டவேண்டும். இழுபட்டால் தோல் உள்ளே கிழியும். நாரியும் குதிக்காலும் சிவந்து, அமத்தி எடுத்தும் வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தை எண்ணெய் போட்டு உருவாதீர்கள். காற்றடித்த ரியூப் வளையத்தில் இருத்தவும் வேண்டாம், வளையம் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை மறித்துப் புண்ணைப் பெருப்பிக்கும். நீங்கள் அனுப்புகிற சீனி பார்க்கும் மெசின்களைப் பற்றியும் ஒன்று: மெசின் வருகிறது, அதில் செருகுகிற ஸ்ரிப் வருவதில்லை. வந்தாலும் சைக்கிள் கூடையில் வன்னி வெயிலில் கிடந்தால் பிழையான இலக்கம் காட்டும். மேற்கையில் கட்டுகிற பிரஷர் மெசின் அனுப்புங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்.

காசு எப்படி வரவேண்டும்? ஒரு தனியாளின் கணக்குக்கு வேண்டாம். கிராமத்தின் பதிவு செய்த முதியோர் சங்கக் கணக்கு, இரண்டு கையொப்பம், பிரதேச செயலகத்தின் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வருகைக் கொப்பி: வந்த நேரம், போன நேரம், என்ன சாப்பிட்டார், குளிசை மிச்சம் எத்தனை, தோல் எப்படி, எதைப் பற்றிக் கதைத்தார். கடைசிக் கேள்விக்கு மூன்று கிழமை தொடர்ந்து “ஒன்றுமில்லை” என்று இருந்தால் ஆளை மாற்றிப் பாருங்கள், சிலருக்குச் சிலர் சரிவருவதில்லை. வறிய முதியோருக்கான 5,000 ரூபாய்க் கொடுப்பனவை எடுக்க வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் வங்கி அட்டை, காணிப் பத்திரம், நகை மூன்றையும் பராமரிப்பாளர் கையால் தொடக்கூடாது. இது முதல்நாளே எழுத்தில் இருக்கட்டும்.

படம் கேட்காதீர்கள். பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்களுக்காகச் சேலை மாற்றிக்கொண்டு வெயிலில் நிற்கிற ஆச்சியைத் திருப்பி ஒருவரும் பார்க்கப் போவதில்லை. கணக்கு வேண்டுமென்றால் பெயரை மறைத்துக் கொப்பியின் பிரதி அனுப்புகிறோம். மூன்று வருடத்துக்கு உறுதி சொல்ல முடியாவிட்டால் தொடங்கவேண்டாம். ஆறு மாதம் வந்து நின்ற காலடி, வராமலே இருந்ததைவிட அதிகமாக ஆளை உடைக்கும். மூன்று வருடத்துக்குப் பிறகு முடியாமல் போனால் நாலு மாதம் முதலே சொல்லுங்கள்.

உங்களிடமிருந்து காசில்லாத ஒரு உதவியும் வேணும். உங்கள் அங்கத்தவர்களில் பலருக்குத் தாயோ பெரியம்மாவோ இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்போதாவது ஒரு மணித்தியாலம் எடுப்பதைவிட, ஞாயிறும் புதனும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் எடுங்கள். ரொறன்ரோவில் மாரிகாலத்து இரவு ஒன்பது மணி எங்களுக்கு அடுத்தநாள் காலை ஏழரை. கோடையில் அதே ஒன்பது மணி இங்கே ஆறரை. நவம்பரில் உங்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது அழைப்பு இங்கே ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறது. அந்த ஒரு மணித்தியாலமும் ஆச்சி போனை மடியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆற விட்டு, பிள்ளைக்கு என்ன நடந்ததோ என்று விறாந்தையில் இருப்பார். மணி மாறப் போவதை ஒரு கிழமை முதலே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வீட்டுப் பராமரிப்பாளர்கள் சிலர்